டயப்பர் கணக்கு

இன்று தேதி 13. பர்ஸில் 240 ரூபாய். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

பாப்பாவுக்கு ஒன்பது மாதம். ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். அதில் கொழுக்கட்டை பிடித்து நானும் இரண்டு சாப்பிட்டுவிடுவேன் (பாப்பா, மன்னித்துவிடு). டவுன் பஸ்ஸிலும் டிக்கெட் காசு கிடையாது. ஆக, சோற்றுக்குப் பிரச்சினை இல்லை. என்னைக் கவிழ்ப்பது டயப்பர்தான்.

பகலில் மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணி, ராத்திரிக்கு மட்டும் ஒரு டயப்பர். இதுதான் கணக்கு. ஆனால் மூன்று நாளாக அடைமழை. ஒரு துணியும் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டித் தொங்கவிட்டதில் வீடே தோரணம் கட்டிய கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. வேறு வழியில்லாமல் நேற்று கடையில் லூஸாக நான்கு டயப்பர் வாங்கினேன். ஒன்று 15 ரூபாய். பெரிய பாக்கெட்டாக வாங்கினால் பத்து ரூபாய்தான் வரும். கையில் காசு இல்லாதவளுக்குத்தான் எல்லாமே விலை கூட!

அம்மாவிடம் போனில் புலம்பினேன்.

"உனக்கெல்லாம் டயப்பரா போட்டேன்? கூடையைக் கவுத்துப் போட்டு, சாம்பிராணிப் புகையில துணியைக் காய வைடி."

சரி என்று செய்து பார்த்தேன். பாதிதான் காய்ந்தது. வாசம் மட்டும் கோயில் மாதிரி. கட்டிவிட்ட ஐந்தாவது நிமிஷமே மகாராணி அதையும் நனைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.