ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு மருத்துவமனையில் வேலை

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் சொந்தக்காரர்கள் யாராவது போன் பண்ணிக் கேட்பார்கள், "பையன் கேட்டரிங் சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், நாளைக்கு ஹோட்டல் வேலை ஒத்துவரலைன்னா என்னக்கா பண்றது?" என்று. நியாயமான பயம்தான். தீபாவளி பொங்கலுக்கு லீவு கிடைக்காது, காலையில் கொஞ்சம், இரவில் கொஞ்சம் என்று பிரித்துப் போடும் பிரேக் ஷிப்ட் வந்தால் பகல் முழுக்கப் போய்விடும், ஆரம்பச் சம்பளமும் பெரிதாக இருக்காது. என்னோடு படித்தவர்களில் பலர் இன்று ஹோட்டலில் இல்லை. ஒருத்தி விமான நிறுவனத்தில் இருக்கிறாள், ஒருவன் வங்கியில், நான் கோவையில் ஒரு மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில். ஆனால் அந்தப் படிப்பு எனக்கு இன்றைக்கும் தினமும் சோறு போடுகிறது. எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

சென்னை தரமணியில் இருக்கும் ஐ.ஹெச்.எம். என்ற ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி ஆகட்டும், திருச்சி துவாக்குடியில் இருக்கும் மாநில அரசின் கல்லூரி ஆகட்டும், தனியார் கல்லூரிகள் ஆகட்டும், படிப்பின் அடிப்படை நான்கு துறைகள்தான்: கிச்சன், சாப்பாடு பரிமாறும் சர்வீஸ், வரவேற்பைப் பார்க்கும் ஃப்ரண்ட் ஆபீஸ், அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ்கீப்பிங். படிப்பின் நடுவில் சில மாதம் ஏதாவது ஒரு ஹோட்டலில் இண்டஸ்ட்ரியல் ட்ரெயினிங் போக வேண்டும். இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இங்கிலீஷ் பேசுவாங்க, நாலு பேர்கிட்ட பழகத் தெரியும்" என்பார்கள். அதுவும் கிடைக்கும்தான், ஆனால் அதை வேறு எங்கேயும் கற்றுக்கொள்ளலாம்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது, எல்லோரும் கடைசியாகப் போக விரும்பும் ஹவுஸ்கீப்பிங். காலையில் ஒவ்வொரு மாடியிலும் அறை அறையாகப் போய்ப் பார்த்து, ஆள் இருக்கிறார், காலி, சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் குறித்து ஃப்ரண்ட் ஆபீசுக்கு அனுப்புவோம். அவர்கள் கம்ப்யூட்டரில் இருப்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சில அறைகள் ஒத்துப்போகாது. கம்ப்யூட்டரில் ஆள் இருக்கிறார், நேரில் பார்த்தால் பெட்டி இல்லை, துணி இல்லை, பாத்ரூமில் சோப்பு காய்ந்து கிடக்கிறது. அப்படியானால் பில் கட்டாமல் போய்விட்டாரா, அல்லது பில் கட்டிவிட்டுத்தான் போனார், கவுண்டரில் பதியாமல் விட்டார்களா? இரண்டில் எது என்று தெரியும்வரை யாரும் அந்த அறையை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. திரையில் இருப்பதை நம்பாதே, கதவைத் திறந்து பார் என்று எங்கள் ஃப்ளோர் சூப்பர்வைசர் அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இதை அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார், சிஸ்டத்தில் அந்தப் படுக்கை காலியாகப் போவதாகக் காட்டுகிறது, கீழே கேஷுவாலிட்டியில் ஒரு பெரியவர் அட்மிஷனுக்காக ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறார். ஆனால் மேலே அந்த நோயாளி இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார், ஏனென்றால் இன்சூரன்ஸ் ஒப்புதல் வரவில்லை, பார்மசியில் மருந்து கணக்கு முடியவில்லை, கார் எடுத்துவரப் போன மகன் வந்து சேரவில்லை. அவர் போன பிறகும் படுக்கையைத் துடைத்து, கிருமிநாசினி போட்டு, விரிப்பு மாற்றி, நர்ஸ் பார்த்து சரி சொல்ல வேண்டும். நான் காலையில் செய்யும் முதல் வேலை, வார்டு வார்டாக நடந்து போய்ப் படுக்கைகளைக் கண்ணால் பார்த்துக் குறித்துவந்து சிஸ்டத்தோடு ஒப்பிடுவது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ட்ரெயினிங்கில் செய்த அதே வேலைதான். எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும், கீழே இருக்கும் குடும்பத்திடம் "பார்க்கிறோம் சார்" என்று மழுப்பாமல் எத்தனை மணிக்குப் படுக்கை கிடைக்கும் என்று சொல்லவும் முடியும்.

அடுத்தது லாக் புக். ஷிப்ட் முடிந்து கிளம்புமுன் நடந்தது, பாக்கி இருப்பது, அடுத்தவர் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். 412-ல் ஏசி சொட்டுகிறது, மெயின்டனன்ஸிடம் சொல்லியாயிற்று, ஏழு மணிக்கு ஆள் வருவார், வந்தாரா என்று பார்க்கவும். இவ்வளவுதான் எழுத்து. கேட்டால் சாதாரணமாகத் தெரியும், ஆனால் நன்றாகப் படித்தவர்கள் நிறைந்த அலுவலகங்களிலும் இந்தப் பழக்கம் இல்லாததால் எத்தனை வேலை நடுவில் தொங்குகிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிச்சன் வேறு விதத்தில் பழக்கும். சர்வீஸ் தொடங்குமுன் எல்லாம் நறுக்கி, அளந்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும், ஆர்டர் வந்த பிறகு வெங்காயம் தேட முடியாது. கே.ஓ.டி., அதாவது கிச்சனுக்கு வரும் ஆர்டர் சீட்டு, இல்லாமல் ஒரு டீகூட வெளியே போகாது, அதனால் எழுத்தில் வராத வேலையைத் தொடக் கூடாது என்பது கைப்பழக்கமாகிவிடும். உணவை 5-லிருந்து 60 டிகிரிக்கு இடையில் வெறுமனே விட்டு வைக்கக் கூடாது என்று கற்றது, இப்போது நோயாளிகளின் சாப்பாட்டு டிராலி லிப்டுக்காகக் காத்து நிற்பதைப் பார்த்தால் என்னைச் சும்மா இருக்க விடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ட்ரெயினிங் என்ற பெயரில் பிள்ளைகளைச் சும்மா ஆள்பற்றாக்குறைக்கு நிரப்பும் இடங்களும் இருக்கின்றன. நான் போன ஹோட்டலில் எங்களோடு வந்த ஒரு பெண்ணை வாரக்கணக்கில் விருந்துகள் நடக்கும் பான்க்வெட் பிரிவில் கரண்டி, ஃபோர்க் துடைக்கவே விட்டார்கள், ஃப்ரண்ட் ஆபீஸ் பக்கமே அனுப்பவில்லை, கேட்டதற்கு "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற பதில்தான் வந்தது. எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு. உழைப்பு கடினமாக இருப்பதில் தப்பில்லை, ஆனால் நாலு துறையும் சுற்றிப் பார்க்காத ட்ரெயினிங்கால் அந்தப் பிள்ளைக்கு என்ன பயன்?

அதனால் கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் யூனிபார்மையும் பார்ப்பதோடு, ட்ரெயினிங்கில் எந்தத் துறையில் எத்தனை வாரம் என்பது எழுத்தில் இருக்கிறதா, இடையில் ஆசிரியர் யாராவது ஹோட்டலுக்கு வந்து பார்ப்பார்களா, ட்ரெயினிங்கில் தரும் உதவித்தொகையான ஸ்டைபெண்ட், தங்குமிடம், இரவு ஷிப்டில் வண்டி உண்டா என்று கேளுங்கள். சீனியர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள்.

ஏற்கெனவே ட்ரெயினிங்கில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். ரெஸ்யூமில் "ஹவுஸ்கீப்பிங், சில வாரங்கள்" என்று மட்டும் போடாதீர்கள். எத்தனை அறை பார்த்தீர்கள், எந்த ரிப்போர்ட் எழுதினீர்கள், விருந்தினரின் எந்தப் புகாரை எப்படி முடித்தீர்கள் என்று எழுதுங்கள். நான் ஆள் எடுக்கும்போது அந்த வரிகளைத்தான் தேடிப் படிக்கிறேன். இன்று இரவிலிருந்தே ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எதுவும் ஞாபகம் இருக்காது.