கடை மூடிய வாரமும் கடை திறந்த நாளும்

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 போட்டார்கள். அன்றிரவே நாடு முழுவதற்கும் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். அப்போது கடலூர் மாவட்டத்தில் மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளராக இருந்தேன். கொரோனா பயத்தோடு போன் செய்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று நாங்கள் ஒத்திகையே பார்த்திருந்தோம். முதல் வாரத்தில் அந்தப் பயத்தோடு கூப்பிட்டவர்கள் குறைவு. வந்ததெல்லாம் குடி.

டாஸ்மாக் சட்டென்று மூடிவிட்டது. 'பாண்டி பக்கம்தானே' என்று எங்கள் ஊர்க்காரர்கள் வைத்திருந்த மாற்று வழியும் எல்லையிலேயே அடைபட்டது. வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு ஒரு நாள் குடிக்காவிட்டாலே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு ஆள் அடையாளம்கூடத் தெரியாமல் போகும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

"மேடம், செவுத்துல பூச்சி ஊறுதுன்னு தட்டிக்கிட்டே இருக்காரு. ராத்திரி பூரா தூங்கல. பக்கத்து வீட்டுல காத்து கருப்புங்கறாங்க" என்றார் ஒரு அம்மா. மந்திரிக்கிறவர் வர முடியாத ஊரடங்கு என்பதால்தான் அந்தப் போன் எங்களுக்கு வந்தது என்று இன்றும் நினைக்கிறேன். 108-க்குச் சொல்லி அவரை அழைத்துவரச் செய்தோம். "குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வந்துடும்" என்று வீட்டார் கெஞ்சுவார்கள். தயமின் என்கிற பி1 ஊசி போடாமல் இப்படிப்பட்டவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு, நடுக்கத்துக்கு லோராசிபாம். டாக்டர் சொன்னதை நான் திரும்பத் திரும்ப வராண்டாவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். கேரளத்தில் டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவு போட்டது. ஏப்ரல் 2-ம் தேதி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இடைப்பட்ட நாட்களில் "இங்கயும் சீட்டு எழுதுவீங்களா?" என்று கேட்காதவர் பாக்கியில்லை.

பழைய நோயாளிகளின் பிரச்சினை வேறு. பஸ் இல்லை, மாத்திரை தீர்ந்துவிட்டது. நன்றாக இருந்த சிலர் மாத்திரை விட்டதாலேயே மறுபடி யாருமில்லாமலே காதில் குரல் கேட்கிறது என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக இரண்டு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தனுப்பினோம். அந்த ஒரு காரியம் எங்கள் ஆலோசனை எல்லாவற்றையும் விட அதிகம் உதவியது.

மே மாதத் தொடக்கத்தில் சென்னை கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியது. அங்கே மூட்டை தூக்கப் போயிருந்த எங்கள் மாவட்டத்துக்காரர்கள் திரும்பி வந்தார்கள், தொற்று எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அவர்களைத் தனிமைப்படுத்தி வைத்தார்கள். பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும்படி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. எம் பொண்டாட்டி கொடத்த எடுத்துக்கிட்டுப் போனா கொழாயடியில எல்லாரும் வெலகிப் போறாங்களாம். வூட்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்கல்ல" என்றார். அவருக்குத் தேவைப்பட்டது மூச்சுப் பயிற்சியா? ஊராட்சிச் செயலரிடம் பேசி, அந்த வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோய் இறக்க ஏற்பாடு செய்தோம். அடுத்த முறை கூப்பிட்டபோது தூக்கம் வந்ததாகச் சொன்னார்.

மே 7-ம் தேதி சென்னை தவிர மற்ற இடங்களில் கடை திறக்கும் என்று அறிவிப்பு வந்ததும் மறுபடி போன்கள். இந்த முறை பேசியவர்கள் எல்லாம் மனைவிமார். "நாப்பது நாளா வூட்ல சத்தமில்ல மேடம். புள்ளைங்க அவரு கூடத் தாயம் ஆடுதுங்க. நெசமாவே தொறக்கறாங்களா?" ஊரடங்கில் எல்லா வீட்டிலும் மன உளைச்சல் கூடியது என்று பொதுவாகச் சொல்வதை நான் அதன்பிறகு அப்படியே ஒத்துக்கொள்வதில்லை. சில வீடுகளுக்கு அதுதான் முதல் ஓய்வு.

கடை திறந்த மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் 16-ம் தேதி மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் சிலர் கணவரைக் கையோடு ஓ.பி.க்குக் கூட்டி வந்தார்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மாத்திரையை டாக்டர் ஆரம்பித்தார். ஜூனில் பலர் வரவில்லை. கூப்பிட்டால் மனைவி எடுத்து, "வேலைக்குப் போயிருக்காரு மேடம்" என்பார். கொத்து வேலை இன்னும் சரியாக ஆரம்பிக்காத மாதம் அது. அப்படிச் சொன்ன வீடுகளைக் கிராம சுகாதார செவிலியர் போய்ப் பார்க்க வேண்டிய பட்டியலில் சேர்த்தோம்.