தாங்கி நிரம்பி வழியும் வழிகள்: நம்பகப் பகுப்பாய்வு மென்பொருளும் அதற்கான பயிற்சியும்

திருகோணமலைச் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகளும் யார் கைக்குப் போக வேண்டும் என்பது பற்றி, 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கைகள் கைச்சாத்திடப்பட்ட நாட்களில் எழுதாதவர் இல்லை. ஆனால் அப்படியொரு தாங்கி நிரம்பி வழியாமல் எது தடுக்கிறது, தடுக்கும் அந்தக் கருவி எப்படியெல்லாம் ஏமாற்றக்கூடும் என்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட ஒரு பக்கத்தையேனும் நான் இதுவரை வாசித்ததில்லை. பராமரிப்புப் பொறியியலாளராக வேலை செய்துகொண்டே வார இறுதிகளில் திருகோணமலை இளைஞர்களுக்கு நான் நடத்தும் வகுப்பு இந்த விடயத்தைப் பற்றியதுதான்: ஒரு கருவி எப்படிப் பழுதாகலாம், எவ்வளவு காலம் நம்பலாம் என்று கணக்கிடும் நம்பகப் பகுப்பாய்வு. துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை செய்வோர், தொழினுட்பக் கல்லூரியை முடித்தோர், கந்தளாயிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ் பிடித்து வருவோர் என்று பல தரத்தினர் சேரும் அந்த வகுப்பில் எப்போதும் முதலாவதாக எழும் கேள்வி, "எந்த மென்பொருளைப் படிக்க வேண்டும், சேர்?" என்பதாகவே இருக்கிறது.

கேள்வி நியாயமானது. வெளிநாட்டு வேலை விளம்பரங்களில் மென்பொருட்களின் பெயர்களே முன்னால் நிற்கின்றன. ரிலயாசொஃப்ட் தொகுதியில் ஆயுட்காலத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்ய வெய்புல் பிளஸ் பிளஸ், அமைப்பு வரைபடங்களுக்கு புளொக்சிம். ஐசோகிராஃபின் ரிலயபிலிட்டி வேர்க்பெஞ்ச். பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைக் கணிக்க எக்சிடாவின் எக்ஸ்சைலென்ஷியா. அணுமின் நிலையங்களுக்காக அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வுகூடம் உருவாக்கிய சஃபையர். இவற்றில் வர்த்தக மென்பொருட்களின் உரிமக் கட்டணம் டொலரில் அல்லது பவுணில் வசூலிக்கப்படுவதால், 2022இல் ரூபாய் சரிந்ததற்குப் பிறகு தனியொருவர் அவற்றை வாங்குவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஒரு விபத்துக்கு எந்தெந்தப் பழுதுகள் காரணமாகலாம் என்று கிளைகளாக வரையும் பழுது மரத்துக்கு ஓபன் எஃப்.டி.ஏ., ஸ்கிராம் என்ற இலவச மென்பொருட்களும், பாகங்களின் ஆயுளைக் கணிக்கும் வெய்புல் பகுப்பாய்வுக்கு பைதன், ஆர் ஆகிய மொழிகளில் இலவசத் தொகுப்புகளும் இருக்கின்றன. கற்பதற்கு இவை தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. திரையின் அழகில் உள்ள வேறுபாடு கணக்கின் விடையில் இல்லை.

மென்பொருளுக்கு முன்பே முறைகள் இருந்தன. ஒவ்வொரு பாகமும் எப்படிப் பழுதாகலாம், அதன் விளைவு என்ன என்று பட்டியலிடும் பழுது விளைவுப் பகுப்பாய்வு, அதாவது எஃப்.எம்.ஈ.ஏ., 1949இல் அமெரிக்க இராணுவத்தின் நடைமுறை ஆவணமாக வந்தது. பழுது மரம் 1962இல் பெல் ஆய்வுகூடங்களில் மினிட்மன் ஏவுகணையின் ஏவு கட்டுப்பாட்டு அமைப்பை ஆராய்வதற்காக உருவானது. வெய்புல் பரம்பல் உலகெங்கும் பரவக் காரணமான கட்டுரை 1951இல் வெளியானது. அதனால்தான் வகுப்பின் முதற்பகுதியைத் தாளிலும் பென்சிலிலும் நடத்துகிறேன். இதில் சிலருக்குச் சலிப்பு உண்டாகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

தாளில் வரைவதற்கு நான் எடுக்கும் உதாரணம் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் களஞ்சியம். 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி கடந்த சிறிது நேரத்தில் அங்கே பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. முந்திய மாலையிலிருந்து 912ஆம் இலக்கத் தாங்கிக்குள் பெற்றோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை 3 மணியளவில் மட்டத்தைக் காட்டும் அளவுமானி இறுகி அதே இடத்தில் நின்றுவிட்டது. தாங்கி நிரம்பிக்கொண்டே போக, கட்டுப்பாட்டறைத் திரை மட்டும் அசையாத ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டறை எச்சரிக்கை மணிகள் அதே அளவுமானியை நம்பியிருந்தபடியால் அவையும் ஒலிக்கவில்லை. கடைசிக் காவலாக, மட்டம் எல்லை மீறினால் நிரப்புதலை நிறுத்த வேண்டிய, தனியாக இயங்கும் உயர்மட்ட ஆளி (சுவிட்ச்) ஒன்று இருந்தது. அதைச் சோதிப்பதற்கான நெம்பு சரியான நிலையில் நிற்க ஒரு பூட்டுப் போட வேண்டும். அந்தப் பூட்டு போடப்படாததால் ஆளி செயலற்றுக் கிடந்தது. இரண்டரை இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட பெற்றோல் வழிந்து ஆவியாகிப் பரவிப் பற்றியது. 43 பேர் காயமடைந்தனர். ஞாயிறு அதிகாலையாக இருந்ததால் உயிர்கள் தப்பின. அந்த அளவுமானி அதற்கு முந்திய சில மாதங்களில் 14 தடவை இறுகியிருந்தது என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

இந்த வரலாற்றைச் சொல்லாமல், "தாங்கி நிரம்பி வழிதல்" என்ற உச்ச நிகழ்வை மட்டும் கொடுத்து மரம் வரையச் சொன்னால், பெரும்பாலோர் "அளவுமானி பழுது", "ஆளி பழுது" என்று இரண்டு பெட்டிகள் போட்டு, இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் வழியும் என்று "உம்" வாயிலால் இணைத்துவிடுவார்கள். மென்பொருளும் மறு பேச்சில்லாமல் இரண்டு சிறிய எண்களைப் பெருக்கி அதைவிடச் சிறிய எண்ணொன்றைத் தரும். மரத்தில் எழுதாத கிளையை எந்த மென்பொருளும் தானாக எழுதித் தராது. மணிகள் அளவுமானியிலிருந்தே பிறக்கின்றன என்பதும், ஆளியைச் சோதித்தவரே அதைச் செயலற்றதாக விட்டுப் போகலாம் என்பதும் கருவிகளைத் தொட்டுப் பார்த்தவர்களின் வாயிலிருந்து வர வேண்டும்.

இரட்டைக் காவலின் பலம் எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஓர் ஆளி பத்து இலட்சம் மணித்தியாலத்துக்கு 2 தடவை என்ற வீதத்தில், வெளியே தெரியாத வகையில் பழுதாகிறது என்று கொள்வோம். வருடத்துக்கு ஒருமுறை, அதாவது 8,760 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அதைச் சோதித்தால், தேவைப்படும் வேளையில் அது கைவிடுவதற்கான சராசரி நிகழ்தகவு ஏறத்தாழ 0.0088. இது பாதுகாப்புச் சுற்றுகளுக்கான சர்வதேச நியமமான ஐ.இ.சி. 61508இன்படி எஸ்.ஐ.எல். 2 என்ற பாதுகாப்புத் தர நிலையின் எல்லைக்குள் வரும் (இலக்கம் கூடக் கூட நம்பகம் அதிகம்). அதே போன்ற இன்னோர் ஆளியைப் பக்கத்தில் பொருத்தி, இரண்டும் முற்றிலும் தனித்தனியே பழுதாகின்றன என்று எடுத்துக்கொண்டால் நிகழ்தகவு 0.0001 அளவுக்குக் குறைந்துவிடும். (இரண்டு சராசரிகளையும் வெறுமனே பெருக்கினால் 0.000077 வரும், அது தவறு. காலத்தோடு கூடும் இரண்டு நிகழ்தகவுகளை முதலில் பெருக்கிப் பின்னரே சராசரி எடுக்க வேண்டும். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் இதற்கான தெரிவு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது நல்லது.) ஆனால் அந்தப் பழுதுகளில் பத்து வீதம் இரண்டையும் ஒரே காரணத்தால் தாக்குபவை என்று வைத்தால், அந்தக் கூட்டுக் காரணம் மட்டுமே 0.00088 ஆகிறது. தனித்தனிப் பழுதுகளின் பங்கைவிட இது எட்டு மடங்குக்கும் அதிகம். இரண்டாவது ஆளி வாங்கிய காசின் பெரும்பகுதி அங்கே கரைந்து போகிறது.

திருகோணமலையில் அந்தப் பத்து வீதத்தை விளக்குவது கடினமே இல்லை. ஒரே கம்பனியின் இரண்டு ஆளிகள், ஒரே நாளில், ஒரே ஆளால், கடலைப் பார்த்த ஒரே பக்கத்தில் பொருத்தப்பட்டு, வாடைக்காற்று காலத்தில் ஒரே உப்பு ஈரத்தைக் குடிக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னவுடன் துறைமுகப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் தலையாட்டுவார்கள். முனையத்தின் திருகைக் கழற்றும்போது பச்சை பூத்த செம்பை அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு மிதவை வகை, மற்றதற்கு அதிர்வுக் கவை வகை என்று வேறு தத்துவத்தில் இயங்கும் கருவியைப் போடலாமே என்ற யோசனை மென்பொருள் திறக்கப்படும் முன்பே, கரும்பலகையில் அந்த இரண்டு எண்களையும் பார்த்தவுடன் வந்துவிடுகிறது.

சோதனை இடைவெளியிலும் இதே கதை. கோப்பில் வருடத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். தாங்கியைக் காலியாக்க முடியாத நெருக்கடி, உதிரிப்பாகத் தட்டுப்பாடு என்று உண்மையில் நான்கு வருடத்துக்கு ஒருமுறையே நடந்திருக்கும். அப்போது 0.0088 என்பது 0.035 ஆகிறது, எஸ்.ஐ.எல். 2 என்று கோப்பில் இருப்பது நடைமுறையில் எஸ்.ஐ.எல். 1 தான்.

தரவு பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மென்பொருளோடு வரும் தரவு நூலகங்களில் பழுது வீதங்கள் ஆயத்தமாக இருக்கும். ஒரெடா தரவுத்தொகுப்பு வட கடல் போன்ற கடற்பரப்புகளின் எண்ணெய் மேடைகளிலிருந்து திரட்டப்பட்டது; இலத்திரனியல் பாகங்களுக்கு இன்றும் பலர் எடுத்தாளும் அமெரிக்க இராணுவக் கைந்நூல் 217, 1995க்குப் பிறகு திருத்தப்படவில்லை. ஆரம்ப மதிப்பீடாக அவற்றை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் நமது வெப்பமும் உப்பும் தெரிந்த தரவு நமது பராமரிப்புப் பதிவேட்டில்தான் இருக்க முடியும், அந்தப் பதிவேடோ பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், எனக்குக் காட்டப்பட்ட உயர்மட்ட ஆளிகளின் பதிவேட்டில் ஒவ்வொரு வரியும் "துப்புரவாக்கி மாட்டப்பட்டது, சரி" என்றே முடிந்தது. பல வருடங்களாக ஒரு பழுது கூட இல்லை. வேலை நடக்கும் விதத்தை நேரில் பார்த்தபோது காரணம் விளங்கியது. தொழினுட்பவியலாளர் ஆளியைக் கழற்றுகிறார். மிதவையின் தண்டில் பிடித்திருக்கும் துருவையும் பிசினையும் டீசலில் தோய்த்த துணியால் தேய்த்து எடுக்கிறார். கையால் மேலும் கீழும் நாலு தரம் ஆட்டி இலகுவாக்குகிறார். அதன் பிறகே கம்பிகளை இணைத்துச் சோதிக்கிறார். அது சித்தியடையாமல் வேறென்ன செய்யும்? துருப்பிடித்திருந்த நிலையில் அது இயங்கியிருக்குமா என்ற கேள்விக்கான விடை துணியோடு போய்விட்டது. அவரில் குறை காண முடியாது. வேலையைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்றே அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது, படிவத்திலும் "கண்டபடி இருந்த நிலை" என்றொரு நிரல் இல்லை. இதை வகுப்பில் சொன்னபோது, "ஊத்தையோட எப்பிடி சேர் செக் பண்றது?" என்று ஒருவர் கேட்டார். ஊத்தையோடு ஒருமுறை, துடைத்த பின் ஒருமுறை என்று இரண்டு தரம் சோதித்து இரண்டையும் எழுத வேண்டும். மேலதிகமாகச் செலவாகும் நேரம் சில நிமிடங்கள்தான். அந்த ஒரு நிரல் இல்லாத பதிவேட்டை எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளில் ஏற்றினாலும், ஆளி பழுதாவதே இல்லை என்ற விடைதான் வரும்.

வெய்புல் பகுப்பாய்வில் வேறொரு வகைத் தரவு காணாமற்போகிறது. பம்பிகளில் கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் எத்தனை மணித்தியாலம் தாங்கியது என்று கேட்டால், பழுதானவற்றின் மணித்தியாலங்களை மட்டும் கொண்டுவருவார்கள். இன்னும் ஓடிக்கொண்டிருப்பவையும், பழுதாகும் முன்பே மாற்றப்பட்டவையும் தரவே அல்ல என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டால் ஆயுள் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். எல்லா மென்பொருட்களும் இவற்றை ஏற்றுக்கொள்ளும். தனி நிரலில் குறித்துக் கொடுத்தால் போதும். பழுது வீதம் காலத்தோடு கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் எண்ணான வடிவக் காரணி 1ஐவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் தேய்மானம், கால அட்டவணைப்படி மாற்றுவதில் பயன் உண்டு. 1ஐ ஒட்டியோ குறைவாகவோ இருந்தால் புதியதை மாட்டுவதால் எந்த நன்மையும் இல்லை, பொருத்தும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும். மூன்று நான்கு தரவுகளை வைத்துக்கொண்டு தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் வரை அறிக்கை எழுதுவதை மட்டும் நான் அனுமதிப்பதில்லை.

எஃப்.எம்.ஈ.ஏ. பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதற்கு விரிதாளே போதும். கடுமை, நிகழ்வு, கண்டறிதல் மூன்றுக்கும் 1 முதல் 10 வரை புள்ளி கொடுத்துப் பெருக்கும் பழைய வழக்கத்தில், 9×2×5 என்பதும் 3×6×5 என்பதும் ஒரே 90 ஆகின்றன. முன்னையது ஆளைக் கொல்லக்கூடியது, பின்னையது எரிச்சலூட்டுவது. வாகனத் துறையின் 2019ஆம் ஆண்டுக் கைந்நூல் அந்தப் பெருக்கலைக் கைவிட்டு, கடுமையை முன்னிறுத்தும் முன்னுரிமை அட்டவணைக்கு மாறிவிட்டது. நமது படிவங்கள் இன்னும் மாறவில்லை.

உச்ச நிகழ்வுக்குப் பிறகு என்ன என்பதை நிகழ்வு மரம் கேட்கிறது. அதை நான் கந்தளாய்க் குளத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி, விடியுமுன் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். உடைப்பை எவராவது கண்டாரா, கண்டவரால் கீழே உள்ளவர்களுக்கு அறிவிக்க முடிந்ததா, அறிந்தவர்களுக்கு மேடான இடம் எட்டியதா என்று ஒவ்வொரு கிளையையும் இரவுக்கும் பகலுக்கும் வேறுவேறாக வரையும்போது, வகுப்பில் பேச்சு தானாகவே மென்பொருளை விட்டு ஒலிபெருக்கிக்கும் தொலைபேசிப் பட்டியலுக்கும் போய்விடுகிறது. அந்தப் பாடத்தில் கணினியை நான் திறப்பதேயில்லை.

சான்றிதழ்கள் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்கத் தரச் சங்கமான ஏ.எஸ்.கியூ. நடத்தும் நம்பகப் பொறியியலாளர் பரீட்சைக்கு எட்டு வருட வேலை அனுபவம் வேண்டும், பட்டத்துக்குச் சில வருடங்கள் கழிக்கப்படும். பாதுகாப்புச் சுற்றுகளுக்கு ஜேர்மனியச் சான்றளிப்பு நிறுவனங்களான டூவ் நிறுவனங்களின் பயிற்சிகள் மத்திய கிழக்கு வேலைகளில் மதிக்கப்படுகின்றன. வசதியுள்ளவர்கள் எடுக்கலாம். மாறாக, ஒரு மென்பொருளின் பெயரை மட்டும் தலைப்பில் போட்டு இரண்டு நாள் பயிற்சி விற்பவர்களிடம் பணம் கட்டுமுன், பயிற்சியில் பயன்படுத்தப்படும் தரவு எங்கிருந்து வந்தது, கூட்டுக் காரணப் பழுதுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் கேளுங்கள். விடை மழுப்பலாக இருந்தால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல பல்மானி (மல்டிமீட்டர்) வாங்கலாம்.

அடுத்த தொகுதியில் சேர விரும்புவோருக்கு மடிகணினி கட்டாயமில்லை, இருவருக்கு ஒன்று போதும். இணைந்த கணிதம் படிக்காதவர்களும் வரலாம். நிகழ்தகவை ஆரம்பத்திலிருந்தே எடுக்கிறோம். உங்கள் வேலைத்தலத்தில் உள்ள ஏதாவதொரு கருவியின் பராமரிப்புப் பதிவுகளை, மேலாளரின் அனுமதி பெற்று, நிறுவனப் பெயரை மறைத்துப் பிரதி எடுத்து வாருங்கள். வால்வோ, ஆளியோ, பம்பியோ எதுவாயினும் சரி.