முட்டைக்கோஸ் வந்த பிறகு

வடக்குத் தாய்லாந்தின் சியாங் ராய் மலைகளில் இருக்கும் லிசு என்ற மலையின மக்களின் ஊர்களுக்கு விதையும் பயிர்க்கடனும் கொண்டுபோவது என் வேலை. கூட்டம் போட்டால் ஆண்கள் முன்னால் உட்காருவார்கள். பெண்கள் வாசலோரம் நின்று, கைவேலையை நிறுத்தாமலே கேட்பார்கள். "இவர்கள் வழக்கம் அப்படி" என்பார்கள் எங்கள் அலுவலகத்தில். அது பாதிதான் உண்மை. குலம் தந்தை வழியில் போகிறது. ஊர்க்காவல் தெய்வத்தின் வேலிக்குள் பெண்கள் நுழையக் கூடாது. மீதியை ஒரு பாட்டிதான் சொன்னார்.

தன் பழைய மேல்சட்டையை எடுத்து மடியில் விரித்தார். நெஞ்சு கொள்ளாத வெள்ளி. நடுவில் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்கள், மன்னரின் மூக்கு தேய்ந்து மழுங்கியிருந்தது. (பர்மா வழியாக மலையேறி வந்த நம்மூர்ப் பழைய காசு!) அபின் விளைந்த காலத்தில் அதன் காயிலிருந்து பால் வழித்ததில் தனக்கென்று ஒரு பங்கு இருந்ததாம், அதை விற்றுச் சேர்த்த வெள்ளியாம். மலைநெல் விதைப்பிலும் ஆண் கோலால் குழி குத்திக்கொண்டே முன்னே போவான், பெண் விதை போட்டுக்கொண்டே பின்னே வருவாள். இருவரில் ஒருவர் நின்றாலும் வேலை நின்றுவிடும்.

1959-இல் அபினுக்குத் தடை வந்தது. 1969-இல் தாய்லாந்து மன்னர் தொடங்கிய திட்டம் மாற்றுப் பயிர்களைக் கொண்டுவந்தது. அபின் குடித்து அழிந்த வீடுகள் உண்டு; அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முட்டைக்கோஸின் பணம் வேறு வழியாக வந்தது. வியாபாரி பிக்கப் வண்டியில் வந்து தாய்லாந்து மொழியில் விலை பேசுவார். அந்த மொழியும் சந்தைப் பழக்கமும் ஆண்களிடம் இருந்தன. களையெடுப்பு பெண்ணிடம், பணம் ஆணிடம் என்று ஆனது. எங்கள் கடன் படிவம் தன் பங்குக்கு 'குடும்பத் தலைவர்' என்று ஒரே ஒரு கட்டம் வைத்து அதற்கு முத்திரையும் குத்தியது.

இளம்பெண்கள் இதற்குக் காத்திருக்கவில்லை. எனக்கு மொழிபெயர்க்கும் பெண் சியாங் மாயில் படித்தவள். அவளுக்குப் பரிசம் பேச வந்தவர்களிடம், தொகையைத் தன் கணக்கில் போடச் சொன்னாளாம். அம்மாவுக்குக் கோபம், பாட்டிக்குச் சிரிப்பு.

படிவத்தில் இரண்டாவது பெயருக்கு இடம் கேட்டு எழுதினேன். கணினியில் இடமில்லை என்று பதில் வந்தது. சரி, இருக்கும் ஒரே கட்டத்தில் மனைவி பெயரை எழுதலாம் என்று தொடங்கினோம். ஒருவர் மட்டும் எழுந்து, கடன் கட்டாவிட்டால் யாரைத் தேடி வருவீர்கள் என்று கேட்டார். அவரைத்தான் என்று மனைவியைக் காட்டினேன். உடனே சம்மதித்துவிட்டார்.