புல்தரைக்கு அடியில இருந்த டேங்க்: நியூ ஜெர்சில எங்க ஹோம் இன்ஸ்பெக்ஷன் அனுபவம்

போன வாரம் என் தோழி ஒருத்தி ஃபோன் பண்ணா. ஒரு வீட்டுக்கு ஆஃபர் போடப் போறாங்களாம், நிறைய போட்டி இருக்கு, அதனால இன்ஸ்பெக்ஷனே (வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிபுணர வச்சு வீட்டச் சோதிக்கறது) வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு ஏஜென்ட் சொல்றாராம், "நீங்க என்னடி பண்ணீங்க"ன்னு கேட்டா. ஒன்றரை மணி நேரம் பேசினேன். பேசி முடிச்சப்புறம்தான் இத எழுதி வச்சா இன்னும் நாலு பேருக்கு ஆகுமேன்னு தோணுச்சு, அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

நாங்க சென்ட்ரல் நியூ ஜெர்சி, சாமர்செட் கவுன்ட்டி பக்கம். 2021-ல வீடு தேட ஆரம்பிச்சோம். அந்த நேரம் எப்படி இருந்துச்சுன்னு தேடினவங்களுக்குத் தெரியும், சனிக்கிழமை யார் வேணா வந்து வீட்டப் பாக்கலாம்னு ஓபன் ஹவுஸ் வைப்பாங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள பதினஞ்சு ஆஃபர் வந்து நிக்கும். எங்களுக்கு மூணு வீடு கைநழுவிப் போச்சு. மூணாவது வீட்டுக்கு அவங்க கேட்ட விலைக்கு மேலயே குடுத்தோம், ஆனா வேற யாரோ இன்ஸ்பெக்ஷன் வேணாம்னு வெயிவ் பண்ணிட்டாங்க, அவங்களுக்குப் போயிடுச்சு. "அடுத்ததுல நீங்களும் வெயிவ் பண்ணாத்தான் கிடைக்கும்"னு எங்க ஏஜென்ட் சொன்னாங்க. என் வீட்டுக்காரர் அரை மனசா சரின்னுட்டாரு. நான்தான் ஒத்துக்கல. எங்க அப்பா திருச்சில கட்டட மேஸ்திரி. பூச்சுக்கு உள்ள என்ன இருக்குன்னு பூசினவனுக்குத்தான் தெரியும்னு அவர் சொல்றத கேட்டே வளந்தவ நான். இருபது நிமிஷம் சுத்திப் பாத்துட்டு முப்பது வருஷக் கடன்ல கையெழுத்து போட எனக்குக் கை வரல. தேடறதயே கொஞ்ச நாள் நிறுத்திட்டோம்.

2023 வசந்த காலத்துல மறுபடி ஆரம்பிச்சப்போ ஒரு வீடு அமைஞ்சுச்சு. 1962-ல கட்டின ஸ்ப்ளிட் லெவல் (அரை மாடி அரை மாடியா ஏறி இறங்கற மாதிரி கட்டின வீடு), நல்ல வெளிச்சம், பெரிய பேக்யார்ட், பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் பத்து நிமிஷம். இங்க ஆஃபர் அக்செப்ட் ஆனதும் மூணு வேலை நாள் அட்டர்னி ரிவ்யூ, அதுல லாயர் கான்ட்ராக்ட்டத் திருத்துவாங்க, அது முடிஞ்சதும் இன்ஸ்பெக்ஷனுக்கு நாள் ஓட ஆரம்பிச்சுடும். எங்க கான்ட்ராக்ட்ல 14 நாள். அதுக்குள்ள ஆள் புடிச்சு, பாத்து, ரிப்போர்ட் வாங்கி, என்னென்ன சரி பண்ணணும்னு லாயர் மூலமா லெட்டரும் போயிடணும்.

ஏஜென்ட் மூணு இன்ஸ்பெக்டர் நம்பர் குடுத்தாங்க. அவங்க மேல எனக்கு சந்தேகம்லாம் இல்ல, ஆனாலும் இந்த ஆள நாமளே தேடணும்னு நினைச்சேன், ஏன்னா வீடு முடிஞ்சாத்தான் ஏஜென்ட்டுக்குக் கமிஷன், இன்ஸ்பெக்டருக்கு அடுத்த வேலை வர்றதும் அந்த ஏஜென்ட் கிட்ட இருந்துதான்னா அவர் வாயில எவ்வளவு உண்மை வரும்னு யோசனையா இருந்துச்சு. நியூ ஜெர்சில ஹோம் இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேட் லைசென்ஸ் கட்டாயம், ஸ்டேட் வெப்சைட்லயே பேரப் போட்டு இன்னும் செல்லுமான்னு பாத்துக்கலாம். ரேடான்ங்கற கதிரியக்க வாயுவ டெஸ்ட் பண்ண தனியா டி.ஈ.பி. (ஸ்டேட்டோட சுற்றுச்சூழல் துறை) சர்டிஃபிகேஷன் வேணும், அதையும் கேட்டேன். நாலு பேருக்கு ஃபோன் போட்டேன். எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான், "நானும் கூடவே சுத்தி வரலாமா?" ஒருத்தர் கடைசி அரை மணி நேரம் மட்டும் வந்தா போதும்னாரு, அவர விட்டுட்டேன். இன்னொருத்தர், வயசானவர், முன்னாடி கார்ப்பென்டரா இருந்தவராம், "ஆரம்பத்துல இருந்தே வாங்க, அழுக்கானாலும் பரவாயில்லங்கற துணி போட்டுட்டு வாங்க"ன்னாரு. அவரையே வச்சுக்கிட்டோம். வீட்டுக்கு 650 டாலர், ரேடானுக்கு 150, கரையான் மாதிரி மரத்த அரிக்கற பூச்சிக்கு 90, இது போக ஆயில் டேங்க் ஸ்வீப்னு ஒண்ணு, 225. டேங்க் ஸ்வீப்னா என்னன்னே எனக்கு அப்போ தெரியாது. "1962 வீடுன்னா இத விடாதீங்க"ன்னு அவர்தான் சொன்னாரு.

அன்னிக்கு மூணே முக்கால் மணி நேரம் அவர் பின்னாடியே நடந்தேன். எனக்குப் பயம்லாம் பேஸ்மென்ட்டப் பத்திதான். ஓபன் ஹவுஸ் வீடியோவ அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தேன், பாத்தவுடனே "கீழ ரெண்டடிக்கு மட்டும் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கான்மா, ஓதம் அடிக்குது போல, சுவர் உப்பு பூத்திருக்கும், கிட்டப் போய்ப் பாரு"ன்னாரு. அப்பா சொன்னது அப்படியே சரி, பெயின்ட்டுக்கு மேல வெள்ளையா உப்பு கிளம்பியிருந்துச்சு. ஒரு மூலைல மேலிருந்து கீழ ஒரு விரிசல் வேற. நான் வீடு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். ஆனா இன்ஸ்பெக்டர் மாய்ஸ்ச்சர் மீட்டர வச்சுப் பாத்துட்டு என்ன வெளில கூட்டிட்டுப் போய் டவுன்ஸ்பவுட் குழாயக் காட்டினாரு. கூரைல இருந்து வர்ற மழைத்தண்ணி மொத்தமும் சுவர் ஓரத்துலயே கொட்டுது, மண்ணும் வீட்டுப் பக்கமாவே சரிஞ்சிருக்கு. குழாய ஆறடி நீட்டி விட்டு மண்ண மறுபடி சரிவு குடுத்துப் போட்டா பெரும்பாலும் நின்னுடும், சில நூறு டாலர் வேலைன்னாரு. விரிசலும் அப்படித்தான், செங்குத்தா மயிரிழை மாதிரி இருந்தா கான்க்ரீட் காயும்போது வர்றது, படுக்கை வசமா ஓடி சுவர் உள்பக்கம் புடைச்சிருந்தாத்தான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரக் கூப்பிடணும்னு வித்தியாசத்தச் சொல்லிக் குடுத்தாரு. இதெல்லாம் ரிப்போர்ட்ல ரெண்டு வரி, ஒரு ஃபோட்டோ, அவ்வளவுதான் வரும். நேர்ல நின்னதாலதான் எதுக்குப் பயப்படணும் எதுக்கு வேணாம்னு புரிஞ்சுது.

எலெக்ட்ரிக் பேனல் மூடியக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் பேசாம நின்னாரு. ஷார்ட் ஆனாலும் ப்ரேக்கர் ட்ரிப் ஆகாதுன்னு பேர் வாங்கின ஒரு பழைய மாடல் பேனலாம் அது, தீப்பிடிக்கற ஆபத்து, மாத்தியே ஆகணும்னாரு. சரி, அது காசு, பேசி வாங்கிக்கலாம்னு நினைச்சேன்.

அப்புறம் வீட்டச் சூடு பண்ற ஃபர்னஸ் இருக்கற ரூம். கேஸ் ஃபர்னஸ்தான். ஆனா அவர் டார்ச்ச ஃபர்னஸ் மேல அடிக்கல, எதிர்ல சுவர் தரையோட சேர்ற இடத்துல அடிச்சாரு. அங்க சுண்டு விரலவிட ஒல்லியா ரெண்டு காப்பர் குழாய், அறுத்து நசுக்கி விட்டிருந்தாங்க. அந்த ரூமுக்கு நான் ஓபன் ஹவுஸ் அன்னிக்கும் வந்திருக்கேன், என் கண்ணுல படவே இல்ல. முன்னாடி இந்த வீடு எண்ணெய்ல சூடு பண்ண வீடு, அந்தக் குழாய் வழியாத்தான் எண்ணெய் உள்ள வந்திருக்கு, எண்ணெய் டேங்க் வீட்டுக்குள்ள இல்லன்னா எங்க இருக்கும்னு என்னப் பாத்துக் கேட்டாரு. அடுத்த நாள் டேங்க் ஸ்வீப் ஆளுங்க மெட்டல் டிடெக்டரும் தரைக்கு அடியில பாக்கற ரேடாரும் எடுத்துட்டு வந்தாங்க, முன்பக்கம் புதர்ச் செடிகளுக்கும் நடைபாதைக்கும் நடுவுல புல்லு மேல ஆரஞ்சு பெயின்ட்ல ஒரு நீள் சதுரம் வரைஞ்சாங்க. 550 கேலன் இரும்பு டேங்க். கேஸுக்கு மாறினப்போ எடுக்காம அப்படியே விட்டிருக்காங்க.

நம்ம ஊர்க்காரங்க நிறைய பேருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது, அதனால இத அழுத்திச் சொல்றேன். இரும்பு டேங்க் மண்ணுல துருப்பிடிச்சு ஓட்டை விழும், மிச்ச எண்ணெய் மண்ணுல இறங்கும், நிலத்தடி நீர் வரைக்கும் போயிட்டா சுத்தம் பண்ற செலவு பல பத்தாயிரம் டாலர். பெரும்பாலான ஹோம் இன்சூரன்ஸ் பாலிசி இத கவர் பண்ணாது. விசாரிக்காம வாங்கிட்டா, நாம புதைக்காத டேங்க்குக்கும் நாமதான் பொறுப்பு ஏத்துக்க வேண்டி வரும். சாதாரண ஹோம் இன்ஸ்பெக்ஷன்ல இது வராது, ஸ்வீப்னு தனியாக் கேக்கணும்.

வித்தவங்களுக்கும் தெரியாதாம். 1994-ல அவங்க வாங்கினப்போ யாரும் பாக்கலன்னாங்க, நான் அத நம்பறேன். முதல்ல 15,000 டாலர் க்ரெடிட் தர்றோம் (கணக்குல கழிச்சுக்கறது), நீங்களே எடுத்துக்கோங்கன்னாங்க. எங்களுக்கு அந்த வீட்டு மேல அவ்வளவு ஆசை, நானே சரி சொல்லிடலாமான்னு யோசிச்சேன். எங்க லாயர்தான் கறாரா நின்னாங்க, ஓட்டை இருக்கா இல்லையான்னு தோண்டினாத்தான் தெரியும், தெரியாத ஒண்ணுக்கு விலை பேசாதீங்க, அவங்களே பர்மிட் வாங்கி எடுக்கட்டும்னாங்க. எடுத்தாங்க. நாங்க கார்ல உக்காந்து பாத்தோம். டேங்க் மேல வந்தப்போ அடிப்பக்கம் சல்லடை மாதிரி இருந்துச்சு, தெருவுல நின்னாலே எண்ணெய் வாடை. டி.ஈ.பி.க்குத் தகவல் சொல்லி, மண்ண எடுத்து, சாம்பிள் டெஸ்ட் பண்ணி, இனி எதுவும் செய்ய வேண்டியதில்லன்னு டி.ஈ.பி. லெட்டர் வர மாசக்கணக்குல ஆகும்னாங்க. எங்க ரேட் லாக், அதாவது கடன் வட்டி மாறாதுன்னு உறுதி குடுத்த காலம், 60 நாள்தான், வட்டியோ மாசா மாசம் ஏறிக்கிட்டு இருந்துச்சு. இன்ஸ்பெக்ஷன் ஷரத்து இருந்ததால கான்ட்ராக்ட்ட கேன்சல் பண்ணி எர்னஸ்ட் மணிய (முன்பணம்) முழுசா வாங்கிட்டோம். இன்ஸ்பெக்ஷன், அப்ரைசல் (வீட்டு மதிப்புக் கணக்கு), லாயர்னு 2,000 டாலர் கிட்ட போனது போனதுதான். என் பொண்ணு அந்த வீட்ல அவ ரூமக்கூட எதுன்னு சொல்லி வச்சிருந்தா. அன்னிக்கு ராத்திரி நான் அழுதேன்.

இப்போ இருக்கற வீடு செப்டம்பர்ல கிடைச்சுது, 1988-ல கட்டினது, அதே இன்ஸ்பெக்டர். இங்க பெருசா ஒண்ணும் இல்ல. வாட்டர் ஹீட்டருக்கு 16 வயசு. பின்னாடி டெக்க (வீட்ட ஒட்டின மர மேடை) வீட்டோட சேக்கற பலகைக்கு வெறும் ஆணிதான் அடிச்சிருந்தாங்க, போல்ட் இல்ல, நாலு பேர் ஒண்ணா நின்னா அப்படியே பிரிஞ்சு விழலாம்னாரு. பேஸ்மென்ட்ல ஒரு பக்கம் முழுக்க அட்டைப் பெட்டி அடுக்கியிருந்தாங்க, அதுக்குப் பின்னாடி பாக்க முடியலன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டாரு. அவர் சுவர ஒடைக்க மாட்டாரு, சாமான நகத்த மாட்டாரு, வீட்ட வாங்கு வாங்காதன்னும் சொல்ல மாட்டாரு, இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். நாங்க பெட்டிய எடுக்கச் சொல்லி லாயர் மூலமா கேட்டு, க்ளோசிங்குக்கு (வீடு நம்ம பேருக்கு மாறற நாள்) முன்னாடி அந்தச் சுவரப் போய்ப் பாத்தோம்.

ரேடான்தான் இங்க விஷயம். மண்ணுல இருக்கற யுரேனியம் சிதைஞ்சு வர்ற வாயு, நிறம் மணம் எதுவும் கிடையாது, பேஸ்மென்ட் வழியா ஏறும். புகை பிடிக்காதவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர முதல் காரணம் இதுதான்னு ஈ.பி.ஏ. (அமெரிக்க மத்திய சுற்றுச்சூழல் அமைப்பு) சொல்லுது. 1984-ல பென்சில்வேனியால லிமெரிக் அணுமின் நிலையத்துல வேலை பாத்தவர் ஒருத்தர் உள்ள நுழையும்போதே ரேடியேஷன் அலாரம் அடிச்சிருக்கு, தேடிப் பாத்தா கதிர்வீச்சு வந்தது அவர் வீட்ல இருந்த ரேடான்ல இருந்து. அந்தப் பக்கத்துப் பாறைத் தொடர்தான் நியூ ஜெர்சி வடக்குலயும் நீளுது. டெஸ்ட்டுக்கு 12 மணி நேரம் முன்னாடியே ஜன்னல் எல்லாம் மூடணும், அப்புறம் குறைஞ்சது 48 மணி நேரம் கருவி இருக்கணும். ஒரு லிட்டர் காத்துல 4 பிக்கோக்யூரி (கதிரியக்கத்த அளக்கற அலகு) வந்தா சரி பண்ணணும்ங்கறது ஈ.பி.ஏ. கணக்கு, எங்களுக்கு 7.8. இதுக்காக வீட்ட விட வேண்டியதில்லன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. பேஸ்மென்ட் தரைல துளை போட்டு, குழாய் விட்டு, ஃபேன் வச்சு வாயுவ கூரைக்கு மேல இழுத்து விட்டுடுவாங்க. வித்தவங்களே 1,400 டாலர் செலவு பண்ணிப் போட்டுக் குடுத்தாங்க, மறு டெஸ்ட்ல 1.1. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி டெஸ்ட் பண்ணணும். டெக்குக்கு போல்ட் போட்டது நாங்க, வந்த முதல் மாசமே.

தோழிகிட்ட நான் சொன்னது, முழுசா வெயிவ் பண்றதுக்கும் சின்னச் சின்ன ரிப்பேருக்கெல்லாம் காசு கேக்கறதுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. பல்பு, குழாய், பெயின்ட் எதுக்கும் கேக்க மாட்டோம், ஸ்ட்ரக்சர், ரூஃப், டேங்க், ரேடான் மாதிரி பெரிய விஷயம் வந்தா மட்டும் பேசுவோம், ஒத்து வரலன்னா விலகிக்குவோம்னு ஆஃபர்லயே எழுதலாம், நிறைய செல்லர்ஸ் இத ஒத்துக்கறாங்க. அவளும் அப்படியே போட்டா. நேத்து ராத்திரி மெசேஜ் பண்ணியிருந்தா, அக்செப்ட் ஆயிடுச்சாம். 1958-ல கட்டின வீடு, பக்கவாட்டுச் சுவர் ஓரமா மண்ணுல இருந்து ஒரு பழைய இரும்புக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்குன்னு ஃபோட்டோ வேற அனுப்பியிருக்கா. வியாழக்கிழமை காலைல இன்ஸ்பெக்ஷன், நானும் கூடப் போறேன்.