பாடி நம்பர்

ஆயுத அறை எழுத்தராகப் போன முதல் மாதம், இதைவிட லேசான வேலை இல்லை என்று நினைத்தேன். துப்பாக்கிக் கட்டையில் வெள்ளைப் பெயின்டில் 17, 18 என்று இருக்கும். அது பட் நம்பர். கொடுக்கும்போது அதை எழுதி, திரும்ப வாங்கும்போது டிக் அடித்தால் முடிந்தது.

வருடாந்திரச் சரிபார்ப்பின்போது ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆர்மரர் ஏட்டையா கேட்டார்: "பட் நம்பர் நாம வச்ச செல்லப்பேரு தம்பி. பாடி நம்பரைப் பாத்தீங்களா?"

மற்ற பாகங்களைத் தாங்கும் நடு உடலான ரிசீவரில் பொறித்த எண்ணைத்தான் சொன்னார். கட்டை, பேரல், போல்ட் எல்லாம் தேய்ந்தால் மாற்றுவோம். ரிசீவர் மாறினால் அது வேறு துப்பாக்கி. ஆயுதம் எங்கிருந்து வந்தது என்று தடமறிவதற்காக ஐ.நா. 2005-இல் ஏற்ற ஆவணமும் எண்ணை அதுபோன்ற ஆதாரப் பாகத்தில்தான் பொறிக்கச் சொல்கிறது. அரசுப் படைகளின் சொந்த ஆயுதங்களுக்கும் அடையாளம் வேண்டும் என்கிறது.

சாக்பீஸ் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாகப் படித்தோம். ஒரு தானியங்கித் துப்பாக்கியில் கடைசி எண் 8. ரெஜிஸ்டரில் 3. தனியாருக்கு உரிமமே கிடைக்காத ரகம் அது. காகிதப்படி அப்படியொரு துப்பாக்கி எங்களிடம் இல்லவே இல்லை!

பழுது பார்த்தபோது அடித்த கறுப்புப் பெயின்ட் 8-இன் இடது பாதியை அடைத்திருந்தது. ரெஜிஸ்டரைப் புதுப்பித்தவர் கண்ணில் பட்டதை எழுதிவிட்டார். அமெரிக்க விதியில் பொறிப்பு குறைந்தது 0.003 அங்குல ஆழம் இருக்க வேண்டும் என்று அளவே உண்டு. முன்பு படித்தபோது சிரித்திருக்கிறேன்.

3-ஐ 8 ஆக்க இரண்டு வளைவு போதும். பேனாவை எடுத்தேன். ஏட்டையா கையைப் பிடித்துக்கொண்டார். "திருத்தினது தெரியணும். இல்லேன்னா துப்பாக்கியையே மாத்திட்டோம்னு எவனும் சொல்லலாம்."

வாங்கியபோது வந்த வவுச்சரைத் தேடினோம். 14 வருடப் பழசு. இத்தகைய பதிவுகளைக் குறைந்தது 20 ஆண்டு வைக்கச் சொல்கிறது அதே ஐ.நா. ஆவணம்; எங்கள் கட்டு பிழைத்ததற்குக் காரணம் பழைய காகிதத்தைக் கழிக்க யாருக்கும் சோம்பல் என்பதுதான். அதில் தெளிவாக 8.

அறிக்கை, மேலதிகாரியின் நேரடிப் பார்வை, உத்தரவு என்று நான்கு மாதம். அதுவரை அந்தத் துப்பாக்கி சீட்டு கட்டி ரேக்கிலேயே கிடந்தது. உத்தரவு வந்த அன்று 3-இன் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் 8 எழுதி, அதிகாரியிடம் சுருக்கொப்பம் வாங்கினேன். கோட்டுக்கு அடியில் பழைய 3 படிக்க முடிகிறதா என்று ஏட்டையா கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டார்.