சோடா கெக்குக்குக் குழாய் வாங்கிய கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜின் கீழ்க்கதவில் இப்போது இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்றின் பிடியை இழுத்தால் பன்னீர் சோடாவும், மற்றொன்றை இழுத்தால் இஞ்சி எலுமிச்சை சோடாவும் வரும். 19 லிட்டர் கெக் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்) இரண்டும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும், ரெகுலேட்டரும் பத்தே நாளில் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கையில் அடங்கும் இரண்டு ஃபாசெட்டுகளுக்காக, அதாவது அந்தப் பிடி வைத்த குழாய்களுக்காகத்தான் நான்கு மாதம் அலைந்தேன், இரண்டு முறை பணத்தைத் தொலைத்தேன். கெக் வாங்கிவிட்டுக் குழாய்க்காகத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நான் போன வழியில் போக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தச் சாமான்கள் எல்லாமே பீருக்காக வடிவமைக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். எங்கள் கெக்கில் சோடாவைத் தவிர வேறெதுவும் ஏறியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. விற்பவர், கூரியர்காரர், பக்கத்து வீட்டு அக்கா என்று குழாயைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் இதே விளக்கத்தை நான் சொல்ல வேண்டியிருந்தது, அதில் ஒருவரிடம் எழுத்திலும் கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் தவறு பாரிமுனையில் நடந்தது. செம்புதாஸ் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் கிடைக்காத இரும்புச் சாமான் இல்லை என்று கேட்டே வளர்ந்தவன் நான். ஆகவே ஒரு சனிக்கிழமை காலையில் பேருந்து ஏறிப் போய்க் கடை கடையாக விசாரித்தேன். பெரும்பாலான கடைகளில் தண்ணீர் கேனுக்கு மாட்டும் குழாயைக் காட்டினார்கள். ஒரே ஒரு கடையில் மட்டும், மூடிய ஓட்டல் ஒன்றின் பாரிலிருந்து கழற்றி வந்தவை என்று சொல்லி, பளபளவென்று இரண்டு ஃபாசெட்டுகளையும் அவற்றுக்குரிய ஷாங்க்குகளையும் (கதவின் துளை வழியே போய்க் குழாயை உள்ளே வரும் ஹோஸோடு இணைக்கும் மரையிட்ட தண்டு) எடுத்து வைத்தார்கள். எவர்சில்வர்தானா என்று கேட்டேன். கடைக்காரர் பதில் சொல்லாமல் மேசை இழுப்பிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் குழாயின் மேல் வைத்தார். காந்தம் ஒட்டாமல் வழுக்கிக் கீழே விழுந்தது. "பாத்தீங்களா சார், ஒட்டல. அசல் எஸ்.எஸ்." என்றார். அந்தக் காட்சியில் மயங்கி, ஒன்றுக்கு 1,800 ரூபாய் வீதம் கொடுத்து வாங்கிக்கொண்டு, பெரிய சாதனை செய்தவன்போல் வீடு திரும்பினேன்.

கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். கதவில் துளை போடுவது பற்றிக் கேட்பதற்காகக் குழாயை அவரிடம் எடுத்துச் சென்றபோது, அவர் அதைக் கையில் வாங்கி இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார். பிறகு ஒரு சின்ன அரத்தை எடுத்து, வெளியே தெரியாத உள்மரையின் விளிம்பில் ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். பூண்டுத் தோல் அளவுக்கு வெள்ளிப் பூச்சு உரிந்து, அடியில் மஞ்சள் தெரிந்தது. "பித்தளை, தம்பி. மேல குரோமியம் முலாம்" என்றார். காந்தத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது, 304 என்ற தர எவர்சில்வரிலும் அநேகமாக ஒட்டாது. இரும்பா இல்லையா என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. இது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்த விஷயம் என்பதுதான் கூடுதல் வேதனை. காந்தத்தோடு கடைக்குப் போகிறவர்கள், கடைக்காரர் சம்மதித்தால், ஓர் அரத்தையும் எடுத்துப் போகலாம்.

பித்தளையாக இருந்தால்தான் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகத்தில் எத்தனையோ பார்களில் முலாம் பூசிய பித்தளைக் குழாயில்தான் பீர் ஊற்றுகிறார்கள். ஆனால் முலாம் நாளடைவில் தேயும், உட்புறத்தில் அது முதலிலேயே மெல்லியதாகத்தான் இருக்கும். வாயு ஏற்றிய நீர் அமிலத்தன்மை உடையது, அது தாமிரத்தைக் கரைக்கும். பித்தளையில் பாதிக்கு மேல் தாமிரம்தான். சோடா எந்திரங்களில் வாயு கலக்கும் இடத்துக்குப் பிறகு தாமிரக் குழாய் போடக் கூடாது என்பது இதனால் வந்த விதி. நானோ அந்தச் சோடாவில் எலுமிச்சையையும் பிழிகிறேன். இரவு முழுவதும் பித்தளைக்குள் தேங்கி நின்ற முதல் மடக்கை என் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

ஆனாலும் கொடுத்த காசு உறுத்தியதால், சோதனைக்காக ஒரு வாரம் அவற்றை மாட்டிப் பார்த்தேன். அதில்தான் இரண்டாவது பாடம் கிடைத்தது. இந்தக் குழாய்கள் பின்புறம் அடைக்கும் வகையைச் சேர்ந்தவை. பிடியை மூடியதும் அடைப்பு குழாயின் பின்பக்கத்தில், ஷாங்க்கை ஒட்டி விழுகிறது. அதற்கு முன்னால் உள்ள உடற்பகுதி முழுவதும் நனைந்தபடியே காற்றுக்குத் திறந்து கிடக்கிறது. வெறும் சோடாவானால் பாதகமில்லை. பன்னீர் சோடாவில் இருக்கும் சர்க்கரை காய்ந்து பாகாகி, மறுநாள் காலையில் பிடி அசையவே இல்லை. வெந்நீரில் துணியை நனைத்துச் சுற்றி வைத்துத்தான் திறக்க முடிந்தது. மூன்றாம் நாள் அதைவிட மோசம்: குழாயின் வாய்க்குள்ளும், காற்றுப் போவதற்காக விட்டிருக்கும் சின்னத் துளைக்குள்ளும் சாரி சாரியாக எறும்பு. கண்ணாடித் தம்ளரில் முதலில் விழுந்தவை அவைதான்.

ஆகவே எனக்கு வேண்டியது முன்புறம் அடைக்கும் வகை என்று முடிவாயிற்று. இதில் அடைப்பு குழாயின் வாய்ப்பக்கம் விழுவதால், உட்புறம் எப்போதும் சோடாவால் நிறைந்து, காற்றுப் படாமல் இருக்கும், பிடி ஒட்டிக்கொள்ளாது. பெர்லிக், இன்டர்டேப், நூக்காடேப் என்று இந்த வகையில் பெயர் பெற்றவை சில உண்டு. விலை கூடுதல்தான். சர்க்கரை சேர்ந்த பானத்துக்கு இந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை என்பது என் கருத்து.

இவ்வளவு தெரிந்த பிறகும் மீண்டும் ஏமாந்தேன். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சோம்பல்பட்டு, மதுக்கூடச் சாமான் விற்கும் வெளிமாநில வியாபாரி ஒருவரிடம் அலைபேசியிலேயே பேசி வாங்கினேன். எவர்சில்வரா, ஆம். முன்புறம் அடைப்பா, ஆம். ஷாங்க்கில் பொருந்துமா என்று கேட்டேன். எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ் என்றார். பெட்டியைப் பிரித்து, என்னிடம் இருந்த ஷாங்க்கில் வைத்தால், நட்டு பிடிக்கவே இல்லை. கொருக்குப்பேட்டை அண்ணன் வெர்னியர் அளவுகோலால் அளந்தார். என் ஷாங்க் அமெரிக்க அளவு: 1⅛ அங்குல விட்டம், அதாவது ஏறக்குறைய 28.6 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 18 மரை. வந்திருந்த குழாயோ ஐரோப்பியப் பழக்கப்படி ⅝ அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு பைப்) மரை, விட்டம் 23 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அங்குலத்துக்கு 14 மரை. இரண்டும் ஸ்டாண்டர்டுதான், வேறு வேறு ஊர்களில்.

இடையில் ஓர் இணைப்பைக் கடைந்து தருகிறேன் என்று அண்ணன் சொன்னார். தயங்கிய பிறகு வேண்டாம் என்றேன். கூடுதலாக ஓர் இணைப்பு என்றால் பாகு தங்குவதற்கு இன்னுமோர் இடுக்கு என்று பொருள். வியாபாரியிடம் திருப்பிக் கேட்டபோது, பிரித்த பெட்டியை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கூறிவிட்டார். பிரிக்காமல் மரையை எப்படி அளப்பது என்ற என் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. வாங்குவதற்கு முன் மரையின் மேல் வெர்னியர் வைத்த புகைப்படம் ஒன்றைக் கேளுங்கள். அதை அனுப்பத் தயங்குகிற வியாபாரியிடம் வாங்காதீர்கள். எல்லாவற்றிலும் நல்லது, ஃபாசெட்டையும் ஷாங்க்கையும் ஒரே இடத்தில், ஒரே முறையில் வாங்குவது.

மூன்றாவது முறை வெளிநாட்டுக்கே பணம் கட்டினேன்: வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் பக்கவாட்டில் உள்ள, முன்புறம் அடைக்கும் எவர்சில்வர் ஃபாசெட்டுகள் இரண்டு, அவற்றுக்குப் பொருந்தும் எவர்சில்வர் ஷாங்க்குகள், உதிரி ஓ ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்). பொருள் ஆறு நாளில் இந்தியா வந்துவிட்டது. அதன் பிறகு பதினேழு நாள் கூரியர் நிறுவனத்தின் கிடங்கில் கிடந்தது.

முதல் தடை என் பெயர். ஆதாரில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல், பான் அட்டையில் அதே இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பெயராகப் பின்னால் நிற்கிறது, பார்சலில் இனிஷியலே இல்லை. மூன்றும் மூன்று ஆள்கள் என்று கூரியர் அலுவலர் முடிவு செய்துவிட்டார். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன். சிஸ்டம் ஏற்கவில்லை என்றார். இரண்டு அட்டைகளும் ஒருவருடையவையே என்று ஒரு கடிதம் எழுதி, இரண்டின் நகலிலும் கையெழுத்திட்டு அனுப்பியதும் ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் முகவரியில் பெயரை ஆதாரில் உள்ளபடியே, புள்ளி உட்பட, எழுதிவிடுங்கள்.

இரண்டாவது தடை பீர் என்ற சொல். பில்லில் "பீர் ஃபாசெட்" என்று அச்சிட்டிருந்ததைக் கண்ட அதே அலுவலர், மது இறக்குமதி உரிமம் இருக்கிறதா என்று கேட்டார். குழாய்க்குள் மது இல்லை என்றேன். பில்லில் இருக்கிறதே என்றார். பீர்க்கங்காய்க்கும் இவர் உரிமம் கேட்பாரோ என்று நினைத்தேனே தவிர வாய்விட்டுச் சொல்லவில்லை. நேரில் போனால் தீரும் என்று அரை நாள் விடுப்பெடுத்துப் போனேன்; எல்லாம் மின்னஞ்சலில்தான் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு உட்கார்ந்து, பொருளின் படம், தயாரிப்பாளரின் விவரப் பக்கம், சுங்க வகைப்பாட்டில் குழாய்களும் வால்வுகளும் 8481 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன என்ற குறிப்பு, சோடாவுக்காக வாங்கப்பட்டது என்ற என் உறுதிமொழி ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்து அனுப்பினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு வரி கட்டச் சொல்லிச் செய்தி வந்தது. அந்த 8481 என்ற நான்கு இலக்கத்துக்கு இருந்த மரியாதை, நான் ஒரு வாரம் அலைபேசியில் பேசிய பேச்சுக்கு இல்லை. விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, பில்லில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் என்று எழுத வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை; அது உண்மையும்கூட.

துளையிடுவது ஒரு மணி நேர வேலை. ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள், பல மாடல்களில் குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள் அங்கேதான் புதைந்திருக்கின்றன. கதவில் அவை இருக்காது. கதவின் கனத்தை ஓரத்தில் அளக்காமல், துளை வரப்போகும் இடத்தில், உட்புறப் பிளாஸ்டிக்கின் புடைப்பையும் சேர்த்து அளந்த பிறகு ஷாங்க்கின் நீளத்தைத் தீர்மானியுங்கள். நான் ஓரத்தில்தான் அளந்திருந்தேன். நட்டு இரண்டே சுற்றுத்தான் பிடித்தது. உட்புறப் பிளாஸ்டிக்கை வட்டமாக வெட்டியெடுத்துச் சமாளித்தேன்.

பிறகு நுரை. பீருக்கு 10, 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) போதும், சோடா சுருக்கென்று ஏற வேண்டுமானால் குளிர்ந்த நிலையிலும் 30 பி.எஸ்.ஐ. வரை வைக்க வேண்டியிருக்கிறது. கெக்கிலிருந்து குழாய்க்கு ஆறடி ஹோஸ் போட்டிருந்தேன். தம்ளரில் முக்கால்வாசி நுரையும் கால்வாசி சப்பென்ற சர்பத்தும் விழுந்தன. வேகத்தைக் குறைக்கும் நெம்புகோல் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். அழுத்தம் முழுவதும் கடைசி அரை அங்குலத்தில் இறங்கினால் வாயு அங்கேயே பிரிந்துவிடுகிறது. ஹோஸின் நீளத்தில் அது சிறிது சிறிதாக இறங்க வேண்டும். 3/16 அங்குல உள்விட்டமுள்ள ஹோஸை 25 அடிக்கு மாற்றி, சுருட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்ததும் நுரை அடங்கியது. நெம்புகோல் இப்போது நுணுக்கமான திருத்தத்துக்கு மட்டும். மே மாதத்தில் கதவுக்கு வெளியே நிற்கும் எவர்சில்வர் கையைச் சுடுகிறது, ஆகவே முதல் தம்ளர் எப்படியும் நுரைக்கும். அரைத் தம்ளரை ஊற்றி உலோகம் குளிர்ந்த பிறகு அடுத்ததைப் பிடிக்கிறோம்.

எறும்பு மட்டும் முழுவதும் விடவில்லை. மூடிய பிறகும் குழாயின் நுனியில் ஒரு துளி தொங்கும், அது போதும் அவற்றுக்கு. இரவில் நுனியை ஈரத்துணியால் துடைத்து, ரப்பர் மூடி ஒன்றைச் செருகிவிடுகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி வெந்நீரில் கழுவி, ஓ ரிங்குகளுக்கு உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் தடவுவது என் மூத்த மகளின் பொறுப்பு; அதற்குக் கூலியாக இஞ்சி சோடாவின் விகிதத்தை அவள்தான் தீர்மானிக்கிறாள்.

பி.எஸ்.பி. மரைக் குழாய்கள் இரண்டும் பெட்டியோடு பரணில் கிடக்கின்றன. பித்தளைக் குழாய்களில் ஒன்றைக் கொருக்குப்பேட்டை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். லேத்தில் கடையும்போது ஊற்றும் கூலன்ட் டப்பாவின் அடியில் அதைப் பொருத்தியிருக்கிறார். குரோமியம் பளபளக்க, சொட்டுச் சொட்டாகக் கச்சிதமாக விழுகிறது.